கொழும்பிற் குடிகொண்ட ஒரு குலத்தின் சந்தான வரலாறு

சந்தானம் என்னுஞ் சொல் நம்மவர் வழக்கிலே இருபொருள் தருவது. மக்கட்பேற்றாற் பெருகும் வழியும் சந்தானம். ஞானாசிரியர் ஒருவர்பின் ஒருவராய் வரும் மரபும் சந்தானம். மெய்கண்ட தேவருக்கு அருணந்தி சிவாசாரியர் மகனார் அல்லர். வயதாலும் இளையவர் அல்லர். ஆயினும் அவர் வழியே அச்சந்தானம் வளர்ந்தது. இவ்விரு சந்தானமும் ஒரு குடியிலே எங்ஙனம் பின்னிக் கிடந்தன என்பதைக் காட்டவே இக்கட்டுரை எழுந்தது. குடமுழுக்கு மலரிலே குடிவழி வரலாற்றுக்கு இடம் ஏது என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். கோயில்கள் தாமே முளைப்பன அல்ல. ஊர்விட்டு ஊர் வந்து குடியேறியோர் தாம் கொண்டுவந்தவற்றுள் எதனை முதற்கண் நாட்டினர் என்று பார்த்தால், பெரும்பாலும் அது ஒரு கோயிலாகவே இருக்கக் காண்கின்றோம்.

யாம் சிறுவராய் மடத்துப் பாடசாலையிற் பயின்ற நாளில், கம்பநாடர் காவியத்துக் குலமுறை கிளத்துப் படலம் பாடமாக வந்தது. பாடம் முடிந்த அன்று எம் ஆசிரியர், “நாளைக்கு நீவிர் ஒவ்வொருவரும் உம் குலமுறையை எழுதி வருக” என்று பணித்தனர். மறுநாள் ஏட்டை விரித்தபோது, தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூவர்க்கு மேற் பெயர் எழுதினார் எம்மில் ஒருவரும் இலர். அம்மூவர் பெயரும் நீர்க்கடனிற் கேட்டுக் கேட்டு மனத்திற் படிந்தவை. “தாயாரைப் பெற்ற பாட்டியின் பெயர் என்ன?” என்று அவர் அடுத்து வினவினார். அதற்கு விடை சொன்னவர் எம்முள் இருவரே. அவ்வினா இன்றுகாறும் எம்மை விட்டு நீங்கவில்லை. ஈண்டு யாம் சொல்லப்புகும் குலமும் ஒரு பெண்ணின் வழியே தழைத்ததாகும்.

முதற்றலைமுறை

ஒல்லாந்தர் கையிலிருந்த இலங்கைக் கரைநாடுகள் 1796இல் ஆங்கிலர் வசமாயின. புதிய அரசினர்க்குக் குடிகளின் மொழி தெரியாது. குடிகளுக்கு அரசினர் மொழி தெரியாது. இவ்விடைவெளியிலே நின்று இருபுறத்தார்க்கும் வாய்ச்சொல்லாக விளங்கியவர் மொழிபெயர்ப்பு முதலிமார். வடமராட்சியிலே பருத்தித்துறையை அடுத்த கெருடாவிலிற் பிறந்தவர் ஆறுமுகநாதபிள்ளை மைந்தர் குமாரசுவாமி. 1783இற் பிறந்த இவர் இளமையிலேயே கொழும்பை அடைந்து, ஆங்கிலம் கற்று, தேசாதிபதியின் தமிழ் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். கண்டியரசு முடிவெய்திய 1815ஆம் ஆண்டையொட்டிய கொந்தளிப்பான காலம் அவர் பணிபுரிந்த காலமாகும்.

1833இற் சட்டநிரூபண சபை அமைந்தபின், அதன்கண் தமிழர் பொருட்டு நியமனம் பெற்ற முதல் உறுப்பினர் இக்குமாரசுவாமி முதலியாரே. அப்பதவியில் நெடுநாள் இருக்கக் கொடுத்துவைத்தாரல்லர். 1836இல் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது அவர் மைந்தர் முத்துக்குமாரசுவாமிக்கு மூன்றாண்டும் நிரம்பவில்லை. தலைவனை இழந்த குடி, அதுவும் பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்து வந்த குடி, அத்தோடு அழிந்தொழிதல் உலகத்தியற்கை. இக்குடி அழியாது நின்றது மகளாராலே.

மகள்வழி

குமாரசுவாமி முதலியாரின் புதல்வியார் செல்லாச்சி அம்மையார். இவரை மணந்தவர் மானிப்பாயினின்றும் வந்த அருணாசலம் மைந்தர் பொன்னம்பலம். கொழும்புக் கச்சேரியிலே காசாளராய்ப் பணிபுரிந்து, வாசல் முதலியார் என்னும் வரிசையும் பெற்றவர் இவர். மாமனார் மறைந்த வீட்டிற்கு மருமகனார் தூணாயினார். இக்குலம் பிற்காலத்தே பொன்னம்பலம் என்னும் பெயராலேயே அறியப்பட்டது. எனினும், வேர் செல்லாச்சி அம்மையாரிடத்தே உள்ளது என்பதை வாசகர் மறத்தல் ஆகாது.

பொன்னம்பல முதலியார் செய்த பணிகளுள் தலையாயது கொழும்புத் துறைமுகத்தை அடுத்த கொச்சிக்கடையிலே 1857இற் கட்டிய சிவன் கோயிலாகும். சுவாமி பொன்னம்பலவாணேசுவரர், அம்மை சிவகாமி. தில்லையம்பலவன் திருநாமமும் கட்டியவர் பெயரும் ஒன்றுபட நின்ற பொருத்தம் நினைந்து மகிழற்பாலது. வணிகரும் அரசாங்க ஊழியரும் துறைமுகத் தொழிலாளருமாய் வந்து தங்கிய தமிழ் மக்கள் தத்தம் ஊர்க் கோயிலை நினைந்து ஏங்கிய நகரத்திலே, அவர்கட்கெல்லாம் பொதுவாய் ஒரு வாயில் திறந்தது.

மைத்துனர் முத்துக்குமாரசுவாமி சீமை சென்று இலிங்கன்ஸ் இன்னிலே சட்டம் பயின்று பாரிஸ்டரானார். தந்தையார் இருந்த சபையிலே தாமும் இருந்தார். 1874இல் சேர் பட்டம் பெற்றார். அரிச்சந்திரன் கதையைத் தமிழினின்றும் ஆங்கிலத்தில் ஆக்கினார். பாளி மொழியிலுள்ள தாடாவம்சத்தையும், சுத்தநிபாதத்தின் ஒரு பகுதியையும் அம்மொழியிற் பெயர்த்தார். சைவர் ஒருவர் பௌத்த நூலுக்குச் செய்த இத்தொண்டு அக்காலத்து நன்மனத்துக்குச் சான்றாகும். ஆங்கில மாதொருத்தியை மணந்து 1877இல் ஒரு மகவைப் பெற்றார். மனைவியும் குழந்தையும் முன்னே சீமைக்குச் சென்றிருக்க, பின் செல்லவிருந்த தந்தையார் 1879இற் கொழும்பிலே காலமானார். தந்தை முகம் நினைவில் தங்காத அக்குழந்தையே ஆனந்த குமாரசுவாமி.

மூன்று சகோதரர்

பொன்னம்பல முதலியார்க்கும் செல்லாச்சி அம்மையார்க்கும் பிறந்த ஆண்மக்கள் மூவர்: குமாரசுவாமி (1849), இராமநாதன் (1851), அருணாசலம் (1853). பேரனார் பெயரைத் தலைமகனுக்கும், தந்தையைப் பெற்றவர் பெயரைக் கடைமகனுக்கும் இட்டமை காண்க. மாமனார் முத்துக்குமாரசுவாமி மறைந்த 1879இலேயே இராமநாதன் அவர் வகித்த ஆசனத்தை ஏற்றார். 1892இல் இவர் சொலிசிட்டர் ஜெனரலாக, அடுத்த ஆண்டிலே தமையனார் குமாரசுவாமி அவ்விடத்தை எய்தினார். ஆகப் பேரன், மாமன், மருமகன், அவர்தம் தமையன் என ஓர் ஆசனம் ஒரே குடியிற் சுழன்றது. இஃது அக்குடியின் தகுதியையும் காட்டும். குடிகளின் வாக்கின்றித் தேசாதிபதி நியமனத்தாலேயே யாவும் நடந்த அக்காலத்து முறையின் குறுக்கத்தையும் காட்டும். வரலாறு எழுதுவோன் இரண்டனையும் சொல்லல் வேண்டும்.

இராமநாதர் வைசாக நாளை அரசாங்க விடுமுறையாக்கப் பௌத்தர்க்குத் துணைநின்றார். 1885இல் அது கைகூடிற்று. 1911இற் படித்த இலங்கையர்க்கென அளிக்கப்பட்ட ஒரே ஆசனத்திற்குத் தேர்தல் நிகழ்ந்தபோது, சிங்கள வாக்காளரே மிக்கிருந்தும் தமிழராகிய இவரே வென்றார். அவ்வெற்றியிலே அவர் பெருமையோடு சிங்களவருள் நிலவிய சாதிப் பிணக்கும் கலந்திருந்தது என்பர் ஆராய்ச்சியாளர். 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்பின், படைச்சட்டத்தாற் சிங்களத் தலைவர் பலர் சிறைப்பட்ட வேளையிலே, உலகப்போர் மூண்டிருந்த கடலிலே கப்பலேறி இலண்டன் சென்று முறையிட்டார். மீண்டபோது அவர் வண்டியைச் சிங்களப் பெருமக்கள் தம் கையாலே இழுத்துச் சென்றனர். அக்கலகத்தால் இழப்புற்ற முஸ்லிம் மக்கள் அவர்பால் மனம் வருந்தியதும் உண்மையே.

தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளை அவர் குருவாகக் கொண்டார். பகவற்கீதைக்குத் தமிழ் உரையும், மத்தேயு, யோவான் சுவிசேடங்களுக்குச் சைவ நோக்கிலே ஆங்கில உரையும் வரைந்தார். 1913இல் மருதனார்மடத்திலே பெண்மக்களுக்கு இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிலே பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். தந்தையார் செங்கல்லாற் கட்டிய கொச்சிக்கடைக் கோயிலை 1907 தொடங்கி 1912 வரையிற் கருங்கற்றிருப்பணியாக எடுப்பித்தார். இன்றும் கொழும்பிலே தூணும் போதிகையும் விதானமும் கல்லேயாய் நின்று காண்பார் உள்ளத்தைக் குளிர்விப்பது அத்திருக்கோயில்.

இளவல் அருணாசலம் கேம்பிரிட்ஜிற் கற்று, 1875இற் போட்டித் தேர்வாலே இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையராயினார், பதிவாளர் நாயகமாயிருந்தார், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தினார். பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இலேயே இயக்கம் தொடங்கினார். தோட்டத் தொழிலாளரின் துயர் துடைக்கச் சங்கம் அமைத்தார். 1919இற் பிறந்த இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவரும் இவரே.

நெஞ்சை உறுத்துவன

இனி இவ்வரலாற்றிலே நெஞ்சை உறுத்தும் இடங்களைச் சொல்லாது விடல் நேர்மையன்று. மேல்மாகாணத்திலே தமிழர்க்கு ஓர் ஆசனம் தருவோம் என்று 1918இல் எழுத்தில் அளித்த உறுதி பின்னர்க் காக்கப்படவில்லை. அதனால் 1921இல் அருணாசலம் தாம் ஈன்ற காங்கிரசை விட்டு நீங்கினார். பத்தாண்டின் முன்னே தமையனாரைத் தம் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்த அதே நகரம் அது. பேரனார் வந்து குடியேறி ஒரு நூற்றாண்டு கழிந்தும், “நீர் இவ்வூரார் தாமோ?” என்னும் வினா அவர் வாயிலில் வந்து நின்றது. குடியேறிய குடிகள் யாவும் என்றோ ஒருநாள் எதிர்கொள்ளும் வினா இது. அதன்பின் நெடுங்காலம் வாழாது, 1924 தை மாதத்தே யாத்திரை சென்ற மதுரையிலே அருணாசலம் உயிர்நீத்தார்.

மற்றொன்றும் உண்டு. யாவர்க்கும் வாக்குரிமை என்று டொனமூர் ஆணைக்குழுவினர் 1928இற் பரிந்துரைத்தபோது, இராமநாதர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்குக் கல்லூரி கண்டவர் பெண்களுக்கு வாக்கு வேண்டா என்றார். எளிய சாதியார்க்கும் அங்ஙனமே. 1930 கார்த்திகையிலே அவர் மறைந்தார். 1931இல் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. ஒரே தாய்வயிற்றிற் பிறந்த இளவல் தோட்டக் கூலிகளுக்காக வாதாடினார். தமையனார் அன்னார் வாக்கை அஞ்சினார். குலம் ஒன்றாயினும் நோக்கு வேறுபடும். பெரியோரை வணங்குதல் வேறு. அவர் பிழையையும் வணங்குதல் வேறு.

இக்குடி கொழும்பில் உயர்ந்த அதே காலத்திலேதான், தமிழகத்து ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கண்டி மலைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். வழியிலே வாந்திபேதியால் மடிந்தார் பலர். அவரும் குடியேறினவரே. மலையைத் திருத்தி நாட்டிற்குச் செல்வம் தந்த அவர்தம் வழியினர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலே நாடற்றவராயினர். அவர்தம் குலமுறையைக் கிளத்துவார் யார்?

பின்வந்தோர்

அருணாசலம் மைந்தர் சேர் அருணாசலம் மகாதேவா (1885–1969) உள்நாட்டு அமைச்சராகவும், பின்னர் இந்தியாவிலே இலங்கைத் தூதராகவும் பணிபுரிந்தார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் யாழ்ப்பாணத்திலே இவரை வென்ற ஜி. ஜி. பொன்னம்பலம் இக்குடியினர் அல்லர். பெயரொற்றுமை கண்டு மயங்கற்க. இராமநாதர் புதல்வியார் சிவகாமசுந்தரியை மணந்தவர் தஞ்சைநாட்டினின்றும் வந்த தமிழறிஞர் சு. நடேசபிள்ளை. இவர் பரமேசுவரக் கல்லூரித் தலைவராயிருந்து, பின்னர் அமைச்சருமானார். மானிப்பாயினின்று வந்த மருமகனாரால் ஒருகால் தழைத்த குடிக்கு, தஞ்சையினின்று வந்த மருமகனார் மறுபடியும் துணையாயினமை காண்க.

சீமையில் வளர்ந்த ஆனந்த குமாரசுவாமியோ இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராகத் தந்தை நாட்டிற்கு மீண்டார். கல்லை ஆராய வந்தவர் கலையைக் கண்டார். அழியுந் தறுவாயிலிருந்த சிங்களக் கைவினைகளைப் பற்றி 1908இற் பெருநூல் எழுதினார். 1917 முதல் அமெரிக்காவிலே பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் பணிபுரிந்து, 1947இல் அந்நாட்டிலேயே மறைந்தார். ஆனந்தத் தாண்டவத்தின் உட்பொருளை மேல்நாட்டார் உணர எழுதியவர் இவரே. கொச்சிக்கடையிலே பாட்டனார் மருமகன் பொன்னம்பலவனை எழுந்தருளுவித்தார்; கடல்கடந்து பிரிந்துபோன கிளையிலே தோன்றிய பேரன் அதே அம்பலவனை உலகிற்கு விளக்கினார். தந்தை முகம் அறியாதவர்க்கு இதனைக் கற்பித்தது எந்தச் சந்தானம்?

இன்று அக்குடியின் பதவிகள் இல்லை. சட்டநிரூபண சபையும் இல்லை. பரமேசுவரக் கல்லூரி நின்ற நிலத்திலே 1974 முதல் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகக் கல்வி நடைபெறுகின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர் விடுதிகள் இரண்டு இராமநாதன், அருணாசலம் என்னும் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. கொச்சிக்கடையிலே மணி ஒலிக்கின்றது. அங்கே கும்பிட வருவோருட் பெரும்பாலார்க்குக் கட்டியவர் பெயர் தெரியாது. அதனாற் குறையொன்றும் இல்லை. கோயில் யாவர்க்கும் உரியதாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். அக்கருங்கல்லைச் செதுக்கிய சிற்பியரின் பெயரும் அவர்க்குத் தெரியாது, அதுதான் குறை.

ஆதலின் இம்மலரைக் கையிற் கொள்வோர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. இதனை வாசித்து முடித்ததும், உம் வீட்டு முதியோரை அணுகி, உங்கள் குடி எவ்வூரினின்று எவ்வாண்டிலே பெயர்ந்தது, யார் கையைப் பிடித்து வந்தது என்று கேட்டு ஏட்டில் எழுதி வைமின். ஆண்மக்கள் பெயரோடு நிறுத்தாது, தாயைப் பெற்றவள் பெயரையும் எழுதுமின். பிழை செய்தாரை மறையாது எழுதுமின். கேட்டற்குரியோர் இருக்கும்போதே கேட்டல் நன்று. எம் ஆசிரியர் அன்று இட்ட பணியை யாம் முடித்தது எம் அன்னையார் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னர். ஏட்டிலே பாட்டியார் பெயருக்குரிய இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது.

குடிகள் தழைக்க, திருவருள் துணைநிற்க.