றபாத்: மோல்டாவில் நிலைத்த அரபுப் பெயர்கள்

மோல்டா என்றதும் நம் மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு ஒரு சிறைதான் ஞாபகத்துக்கு வரும். தேவ்பந்தின் ஷைகுல் ஹிந்த் மஹ்மூத் ஹஸன் அவர்களையும் மாணவர் ஹுஸைன் அஹ்மத் மதனி அவர்களையும் 1917 முதல் 1920 வரை பிரித்தானியர் அடைத்து வைத்த தீவு அது. அந்தக் கதையை உலமாக்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அதே தீவின் மேட்டு நிலத்தில் 'றபாத்' என்றோர் ஊர் இருப்பதும், அதை ஒட்டி மதில் சூழ நிற்கும் பழைய தலைநகருக்கு 'இம்தீனா' என்று பெயர் இருப்பதும் நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படவில்லை. இம்தீனா வேறொன்றுமில்லை, நம்மட மதீனாதான்; நகரம் என்று பொருள். றபாத் என்பது நகரின் மதிலுக்கு வெளியே உள்ள புறநகர்.

ரோமர் காலத்தில் இரண்டும் சேர்ந்து மெலித்தே என்ற ஒரே நகராக இருந்தன. அரபிகள் அதைச் சுருக்கி, அகழி வெட்டிப் பிரித்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. உள்ளே இருந்தது மதீனா, வெளியே விடப்பட்டது றபாத். இன்று அந்த றபாத்தில் தேவாலய மணிகள்தான் ஒலிக்கின்றன.

இஃப்ரீக்கிய்யாவின் அக்லபிகள் 870இல் மோல்டாவைக் கைப்பற்றினார்கள். அதன் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் சண்டையே. அல்ஹிம்யரி தமது 'ரவ்ளுல் மிஃதார்' நூலில் சொல்வதைப் பாருங்கள்: வெற்றிக்குப் பின் தீவு பாழாய்க் கிடந்தது, மரம் வெட்டக் கப்பல் கட்டுவோரும், மீன் பிடிக்க மீனவரும், தேன் எடுப்போரும் மட்டுமே வந்து போனார்கள், ஹிஜ்ரி 440இல், அதாவது 1048-49இல், முஸ்லிம்கள் வந்து குடியேறி நகரைக் கட்டினார்கள். இந்தப் பந்தியை ஜோசப் பிரின்காத் 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்து பேசியபோது மோல்டாவில் பலருக்கு அது கசப்பாகவே இருந்தது.

கசப்புக்குக் காரணம் உண்டு. புனித பவுல் கப்பலுடைந்து கரையேறியதிலிருந்து தங்கள் கிறிஸ்தவம் அறுபடாமல் வந்தது என்பது மோல்டியரின் நம்பிக்கை. 1647இல் தீவின் வரலாற்றை எழுதிய அபேலா, தங்கள் மொழி கார்த்தேஜியரின் பியூனிக் மொழியிலிருந்து வந்தது என்றார். அரபியோடு உள்ள உறவை எப்படியாவது தள்ளிவைக்க வேண்டும் என்ற தவிப்பு அதில் தெரிகிறது. பிற்காலத்தில் கொட்ஃப்ரி வெட்டிங்கர் என்ற வரலாற்றாசிரியர் அந்தத் தொடர்ச்சியைத் துணிந்து கேள்விக்குட்படுத்தினார். தீவு முழுக்க வெறுமையாகக் கிடக்கவில்லை என்று இம்தீனாவில் கிடைத்த மட்பாண்டங்களைக் காட்டி அகழ்வாய்வாளர் சொல்கிறார்கள். அதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மொழி படித்த எனக்கு பிரின்காத் காட்டும் ஒரு சான்று கனமாகப் படுகிறது. மோல்டிய மொழியின் அடித்தளத்தைத் தோண்டினால் அரபு வருகிறது. அதற்குக் கீழே பழைய மொழி எதன் படிவும் ஏறக்குறைய அகப்படுவதில்லை. ஒரு சனம் தொடர்ந்து வாழ்ந்திருந்தால் தாய் பேசிய நாலு சொல்லாவது மிஞ்சாதா?

கஸ்வீனி ஒரு சம்பவம் சொல்கிறார். 440க்குப் பின் பைசாந்தியர் பெருங்கப்பற்படையோடு வந்து தீவாரை முற்றுகையிட்டு, செல்வத்தையும் பெண்களையும் கேட்டார்கள். முஸ்லிம்கள் தலை எண்ணினார்கள். அடிமைகளின் தொகை தங்களை விட அதிகம். அடிமைகளைக் கூட்டி, "எங்களோடு நின்று வென்றால் நீங்கள் சுதந்திரர், பெண் கொடுக்கிறோம், சொத்திலும் பங்கு தருகிறோம்" என்றார்கள். சேர்ந்து போரிட்டு வென்றார்கள். கதை எவ்வளவு மெய்யோ, இன்றைய மோல்டியரின் மூதாதையர் யார் என்ற விவாதத்தில் இது வராமல் போவதில்லை.

1091இல் நோர்மானியர் வந்தார்கள். ஆட்சி கை மாறியதே தவிர முஸ்லிம்கள் உடனே போய்விடவில்லை. றபாத்தில் 1881இல் ஒரு ரோம வீட்டைத் தோண்டினார்கள். சித்திரக்கல் பதித்த தரைக்கு மேல் கிடந்ததெல்லாம் ஒரு மையவாடி: கிப்லாவை நோக்கி அடக்கப்பட்ட கப்றுகள், அரபு எழுத்துள்ள மீஸான் கற்கள். பக்கத்துக் கோஸோ தீவில் கிடைத்த மைமூனா என்ற பெண்ணின் மீஸான் இன்னும் புகழ்பெற்றது. அவர் வபாத்தானது ஹிஜ்ரி 569 ஷஃபான் 16, அதாவது 1174. கிறிஸ்தவ அரசு வந்து 83 வருடங்கள் கழித்தும், அழகிய கூஃபி எழுத்தில் ஒரு மகளுக்குக் கல் வெட்ட வசதியும் ஆளும் இருந்திருக்கின்றன. அந்தக் கல்லும் பழைய ரோமச் சலவைக்கல்தான். மறுபுறத்தில் பழைய வேலைப்பாடு அப்படியே இருக்கிறது.

1241 அளவில் பிரெடரிக் மன்னனுக்கு அனுப்பிய அறிக்கையில் மோல்டாவில் 681 முஸ்லிம் குடும்பங்கள் என்றிருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்கள் 47 என்று பிரதி சொல்கிறது. எழுதியவர் ஓர் இலக்கத்தை விட்டிருக்க வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்கள். எப்படியோ, அந்த நூற்றாண்டுக்குள் முஸ்லிம்கள் இல்லாமல் போனார்கள். வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு, மதம் மாறித் தங்கியவர்களும் உண்டு. தங்கியவர்கள் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

அதனால்தான் இன்றும் கத்தோலிக்க மோல்டியர் இறைவனை 'அல்லா' என்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் 'றந்தான்', ரமழானேதான். ஈஸ்டர் 'ஈத்'. வெள்ளிக்கிழமை 'ஜிம்ஆ'. வீடு 'தார்', இதயம் 'கல்ப்'. லத்தீன் எழுத்தில் எழுதப்படும் இந்த மொழி 1934இல் ஆட்சி மொழியாகி, 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

றபாத்தின் சனங்களுக்கு வரலாற்றை விட பவுலின் குகைதான் பெரிது. அவர் மூன்று மாதம் தங்கியது அங்கேதான் என்பார்கள். குகைக் கல்லை எவ்வளவு சுரண்டினாலும் அது குறையாதாம். விஷமுறிவு மருந்தென்று ஐரோப்பா முழுக்க ஒரு காலத்தில் விற்பனையானது. பவுலைப் பாம்பு தீண்டியதிலிருந்து தீவின் பாம்புகளுக்கு விஷம் போய்விட்டது, அது பெண்களின் நாக்குக்கு ஏறிவிட்டது என்று ஒரு கேலியும் உண்டு. எல்லா ஊரிலும் ஆண்கள் ஒரே மாதிரித்தான்!

ஜூன் 28, 29இல் இம்னாறியா திருவிழா. இரவு பக்கத்துச் சோலையான புஸ்கெட்டில் கூடி, முயல் பொரித்து, 'ஆனா' பாடுவார்கள். இருவர் எதிரெதிரே நின்று அந்த இடத்திலேயே அடி கட்டிப் பாடும் வகையும் அதில் உண்டு. இந்த விழாவுக்கு வருடாவருடம் மனைவியைக் கூட்டிப் போவதாகக் கணவன் திருமண ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுப்பானாம். மறுநாள் சக்காயா மேட்டில் குதிரையும் கழுதையும் சேணமில்லாமல் ஓடும். வென்றவர் பெறும் 'பாலியு' என்ற துணிக்கொடியை ஊர்த் தேவாலயத்துக்குக் கொடுப்பது பழைய வழக்கம்; அங்கே அது பீடத்துக்கு விரிப்பாகும். சக்காயா என்பதற்கு அரபியில் தண்ணீர் கொடுக்கும் இடம் என்று பொருள்.