நுண் கேண்டிலீவர்களில் தகைவைக் கணித்த வரலாறு

ஒரு முனை சுவரில் பதிந்து, மறுமுனை அந்தரத்தில் நீண்டு நிற்கும் சட்டம் கேண்டிலீவர் எனப்படும். அதன் வலிமையை ஆராய்ந்த கலிலியோ, 1638-இல் வெளியான நூலில், பிணைமுனையின் குறுக்குவெட்டு முழுவதும் இழுவிசை சீராகப் பரவுவதாகக் கொண்டார். அது பிழை. எடையால் கீழ்நோக்கி வளையும் சட்டத்தில் மேற்புறம் இழுபடும், கீழ்ப்புறம் அமுங்கும்.

1909-இல் ஸ்டோனி, எஃகுப் பட்டைமீது மின்முலாமாகப் படிந்த நிக்கல் அதனை வளைப்பதைக் கண்டு, வளைவிலிருந்து படலத்தின் தகைவைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்தார். 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகியோரின் அணுவிசை நுண்ணோக்கி, சிறு கேண்டிலீவரை அணுக்களின் விசையை உணரும் கருவியாக்கியது. பின்னர், ஒரு பக்கத்தில் மட்டும் மூலக்கூறுகள் ஒட்டுவதால் வளையும் உணரிகள் வந்தன. அவற்றுக்கும் ஸ்டோனியின் சமன்பாடே அடிப்படை.

ஒவ்வொரு வடிவத்தையும் சிலிக்கானில் செய்து பார்ப்பது செலவு மிக்கது. ஆகவே சட்டத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் தகைவைக் கணிக்கின்றனர். இந்தியாவில் 2000-இல் தொடங்கிய தேசியத் திறன்மிகு பொருட்கள் திட்டத்தின் தொடர்ச்சியாக வந்த திட்டம், கல்வி நிறுவனங்களில் நுண்கருவி வடிவமைப்பு மையங்களை அமைத்தது. சிலிக்கான் செதுக்கும் ஆய்வகம் இல்லாத மாணவர்களுக்கும் இம்மென்பொருள்கள் கிடைத்தன.

பிணைமுனை சற்றும் அசையாது என்பது இக்கணிப்புகளின் வழக்கமான எடுகோள். உண்மையில் அங்கும் சிலிக்கான் சிறிது நெகிழும். எடுகோள் பிழைத்தால், கலிலியோவுக்கு நேர்ந்ததே கணினிக்கும் நேரும்.