முத்துராஜவெல: நெல் போன வயலின் கணக்கு

கணக்கியல் படிக்கிறவனுக்குச் சதுப்பு நிலத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நண்பர்களோடு முத்துராஜவெல போய் வந்ததிலிருந்து ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

கொழும்புக்கு வடக்கே, களனி ஆற்றுக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில் சுமார் 3,000 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிறது இந்தச் சதுப்பு. சுமார் 7,000 ஆண்டுகளாகச் செடிகொடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காய்ப் படிந்த கறுப்பு நிலம். பள்ளிக்கூடத்தில் 'முற்றா நிலக்கரி' என்று படித்தோமே, அதேதான். பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

சிங்களத்தில் 'வெல' என்றால் வயல். கோட்டை அரசர் காலத்தில் இங்கே முத்துப் போல நெல் விளைந்ததாம். பெயரும் அப்படி வந்ததாம். பின்னர் வெள்ளைக்காரர் வெட்டிய கால்வாய்கள் வழியே கடல்நீர் ஏறியது. அந்த உப்புநீரை வடிக்க ஆங்கிலேயர் 1802இல் இன்னொரு கால்வாய் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தார்கள். வருவாய், வணிக அதிகாரியாக இருந்த கவின் ஹமில்ட்டனின் பெயர்தான் அதற்கு. கால்வாய் நின்றது. நெல் திரும்பவில்லை.

நாங்கள் வள்ளத்தில் போனது அந்த ஹமில்ட்டன் கால்வாயில்தான். கம்பு நட்ட இடமெல்லாம் நீர்க்காகம் சிறகு காயவைத்துக்கொண்டு இருந்தது. புல்லுக்குள்ளிருந்து செந்நாரை ஒன்று எழும்பியது. மீன்கொத்திகளை எண்ணி எண்ணிக் களைத்துவிட்டோம். "இதெல்லாம் ஒரு காலத்தில் வயல், மல்லி" என்று சிங்களத்தில் சொன்னார் வள்ளக்காரர். கைவிட்ட வயலைப் பறவைகள் எடுத்துக்கொண்டன. வடபகுதி 1996இல் சரணாலயமானது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தச் சதுப்பின் ஆண்டுப் பயனைப் பணமாக மதிப்பிட்டது: சுமார் 72 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதற்கு மட்டும்!

ஆனால் இதற்கு யாரும் பில் போடுவதில்லை. மண் கொட்டி நிரப்பிய காணிக்கோ உடனே விலை இருக்கிறது. வழியில் அப்படி நிரப்பிய துண்டுகளையும் பார்த்தோம். வத்தளையில் இருக்கும் என் பெரியம்மா வீட்டு முற்றத்தில் மழைக்குத் தண்ணீர் ஏறும்போது, அந்தச் செலவு எந்த நிறுவனத்தின் ஏட்டில் பதிவாகிறது?

உப்புக் கணக்கில் ஒரு தடவை பிழை விட்டதற்கு ஒரு வயலே போனது. இந்தத் தடவை பஞ்சே போய்விடும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?