அன்னக்கிளி இசைத்தட்டும் ஏலமலைச் சரிவின் பாட்டு மரபும்

நாட்டுப்புறப் பாடல் வாய்மொழியிற் பிறந்து செவிவழி வளர்வது. அஃது ஏட்டில் ஏறுங்கால் பெரும்பாலும் இசையை இழக்கின்றது. இசைத்தட்டில் ஏறுங்கால் இசையைக் காத்துத் தொழிலை இழக்கின்றது. போடிநாயக்கனூரை ஒட்டிய மலைச்சரிவின் பாட்டு மரபைக்கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1976ஆம் ஆண்டு வெளிவந்த 'அன்னக்கிளி' இளையராஜா இசையமைத்த முதல் திரைப்படம்; பாடல்களை இயற்றியவர் பஞ்சு அருணாசலம். 'ஆராதனா' (1969), 'பாபி' (1973) முதலிய இந்திப் படங்களின் பாடல்களில் மயங்கியிருந்த தமிழர் செவியை இப்பாடல்களே மீட்டன என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு, முழுமை இல்லை. மருதகாசி இயற்றி, கே. வி. மகாதேவன் இசையமைத்த உழவர் பாடல் ஒன்று 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) வாயிலாக முன்னரே புகழ்பெற்றிருந்தது. ஆகலின், நாட்டுப்புற மெட்டைத் திரைக்குக் கொணர்ந்தமை மட்டுமே அன்னக்கிளியின் புதுமை ஆகாது.

அதன் வேர் மலையில் உள்ளது. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், போடிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் அமைந்தது. போடிமெட்டு வழியே ஏறினால் அடையும் தேவிகுளம் 1956இல் கேரளத்தோடு சேர்ந்தது. எனினும் அங்குள்ள தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் தமிழர். 1958ஆம் ஆண்டு இடைத்தேர்தலில், பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக, இளையராஜாவின் தமையனார் பாவலர் வரதராசன் அம்மக்களிடையே பாடினார். வேட்பாளர் வென்றார். தமையனாரோடு மேடையேறிய இளையவர், பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் செவ்விசை பயின்றார். அடிவார ஊரின் மெட்டும் அயல்நாட்டு ஒத்திசையும் ஒருவரிடத்தே கூடியமையே அன்னக்கிளியின் புதுமை என்க.

அதே 1958இல், பெர்சி மாக்வீன் திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 'மலையருவி' என வெளியிட்டது. ஒரே ஆண்டில் நாட்டுப்பாட்டு, நூலாகவும் மேடைக்குரலாகவும் இருவேறு வழியிற் சென்றது. நூலைப் புலவர் போற்றினர். மேடைப் பாட்டை ஆராய்ந்தார் சிலரே.

அன்னக்கிளியில் நெற்குற்றும் பாடல் ஒன்று உண்டு. உலக்கைப் பாட்டாகிய வள்ளையைச் சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலும் காண்கிறோம். உரலடியில் நெல் தீருமளவும் பாட்டு நீளும். தட்டிலோ சில மணித்துளிகளில் முடியும். இசையமைப்பாளர் பெயரும் பாடகர் பெயரும் தட்டில் நின்றன. மெட்டைத் தலைமுறைதோறும் காத்த பெண்டிர் பெயர் நில்லாது போயிற்று. இது தனியொருவர் குற்றமன்று. பதிவு என்னும் முறையின் இயல்பு.

இக்குறையை நீக்குதல் ஆய்வாளர் கடன். இன்றும் விடியற்காலையில் பள்ளத்தாக்கு ஊர்ப் பெண்டிர் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்கின்றனர். அவர்தம் பாட்டைச் சொல்லோடும் இசையோடும், அது பிறந்த தொழிலோடும், இசைந்தால் பாடியவர் பெயரோடும் பதிந்து வைப்போமாக. திரையிசையின் வரலாறும் அதன்பின்னரே முழுமை பெறும்.