சிஆர்பி-யில் இருக்கும் அந்த ‘சி’ யாருடையது?

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் லேப் ரிப்போர்ட் அனுப்பினார். ஒரே ஒரு வரியைச் சுத்தி சிவப்பு வட்டம். “சிஆர்பி 48 இருக்கு டாக்டர். நார்மல் 5தானாம். இன்ஃபெக்‌ஷன்தானே? என்ன ஆன்டிபயாடிக் போடலாம்?”

இந்தக் கேள்வி வாரத்துக்கு நாலு பேர்கிட்ட இருந்து வருது. அதனால அந்த டெஸ்ட் பிறந்த கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1930. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனை. பெனிசிலின் இன்னும் மருந்தாக வரவில்லை. நிமோனியா வந்தவருக்கு, விலங்குகளின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம்தான் கையில் இருந்த பெரிய ஆயுதம். அதிலும் நிமோகாக்கஸ் கிருமியில் எந்த வகை என்று கண்டுபிடித்து, அந்த வகைக்கு உரிய சீரத்தைப் போட வேண்டும். அதனால் ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வகத்தில் அந்தக் கிருமியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர், கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சர்க்கரைப் பொருளை நோயாளிகளின் சீரத்தோடு கலந்து பார்த்தார்கள். அந்தப் பொருளுக்கு வைத்த பேர் ‘சி’ பகுதி. கலந்ததும் தெளிவாக இருந்த சீரம் கலங்கி, அடியில் படிந்தது.

இதுல என்ன அதிசயம்? ஆன்டிபாடி வேலை செய்யுதுன்னு நினைச்சுட்டுப் போயிருக்கலாம். ஆனா அவங்க அதே நோயாளியை நாள் விட்டு நாள் சோதிச்சாங்க. அங்கதான் கணக்கு தலைகீழா இருந்தது.

ஆன்டிபாடி என்றால் முதல் சில நாட்கள் இருக்காது. ஆள் தேறும்போதுதான் ஏறும். (டைஃபாய்டுக்கு முதல் நாளே விடால் டெஸ்ட் எடுத்துட்டு வர்றவங்களை நாங்க திட்டுறது இதனாலதான்.) இதுவோ காய்ச்சல் கொதிக்கும்போது பலமாக இருந்தது. காய்ச்சல் இறங்கி ஆள் தேறியதும் காணாமல் போனது!

இன்னொரு குழப்பமும் இருந்தது. ருமாட்டிக் காய்ச்சல் நோயாளியின் சீரமும் இதே மாதிரி கலங்கியது. அவர் உடம்பில் நிமோகாக்கஸே கிடையாது.

1941-ல் ஏவரியும் அபெர்நெத்தியும் இது ஒரு புரதம், கால்சியம் இருந்தால்தான் ‘சி’ பொருளோடு சேரும் என்று காட்டினார்கள். கிருமியின் ‘சி’-யோடு வினைபுரியும் புரதம், அதாவது சி-ரியாக்டிவ் புரோட்டீன். கோலின் மெக்லியோடும் ஏவரியோடு சேர்ந்து இதில் வேலை செய்தார். 1947-ல் மெக்கார்ட்டி இதைப் படிகமாக்கினார். ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி... எங்கேயோ கேட்ட பேரா இருக்கா? மரபுச் செய்தியைச் சுமப்பது டிஎன்ஏ என்று 1944-ல் காட்டிய அதே மூவர்தான். நோபல் கிடைக்கலைங்கிறது எனக்கு இன்னைக்கும் ஆறாத வருத்தம்.

ஆக, பேர்ல இருக்கிற ‘சி’ கிருமியோடது. புரதம் நம்மளோடது. கல்லீரல்தான் செய்யுது. உடம்பில் எங்கே திசு அடிபட்டாலும், வெந்தாலும், வீங்கினாலும் இன்டர்லூகின்-6 போன்ற தூதர்கள் கல்லீரலுக்குத் தகவல் சொல்லும். சில மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, இரண்டு நாளில் உச்சம் தொடும். நிமோனியாவில் ஏறும். ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஏறும். மாரடைப்பில் ஏறும். முடக்குவாதத்தில் ஏறும். தூண்டுதல் நின்றதும் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அன்னைக்கு டில்லெட் கண்ணுக்கு முன்னாடி மறைஞ்சதும் இப்படித்தான்.

எங்களுக்கு உண்மையில் உதவுவது இந்த இறக்கம்தான். மருந்து ஆரம்பித்து மூணு நாளில் 200 எண்பதாகிறதா, இல்லை அங்கேயே நிக்குதா? ஒத்தை எண்ணை வெச்சு அவ்வளவு சொல்ல முடியாது.

யூனிட்டையும் பாருங்க. ஒரு லேபில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், இன்னொன்றில் டெசிலிட்டருக்கு. 48-ம் 4.8-ம் ஒரே அளவா இருக்கலாம். “பத்து மடங்கு குறைஞ்சிடுச்சு டாக்டர்”னு சந்தோஷமா வந்தவரைப் பார்த்திருக்கேன்.

நண்பர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன்: “எதுக்காக டெஸ்ட் எடுத்தீங்க?”

“காய்ச்சல் எல்லாம் இல்ல டாக்டர். கால் கட்டைவிரல் செவந்து வீங்கியிருக்கு. போர்வை பட்டாலே உயிர் போகுது. முன்னாடியும் ரெண்டு தடவை வந்து தானா போயிருக்கு.”

கௌட்டா இருக்க வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம், காலையில் வந்து காலைக் காட்டுங்கன்னு சொல்லியிருக்கேன்.