மருத்துவமனையிலிருந்து வீட்டு வாசல் வரை
சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் – ஒரு வரலாற்றுப் பார்வை



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! நம் கடற்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்து வாழ்ந்தவர்கள். மூச்சை அடக்கிக் கடலடிக்குச் செல்பவர் ஒருவர். தோணியில் நின்று அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பவர் மற்றொருவர். கீழே சென்றவரின் உயிர் மேலே நின்றவரின் கவனத்தில் இருந்தது. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்புகளோடு தூத்துக்குடியின் அப்பெருந்தொழில் ஓய்ந்துவிட்டது. ஆனால், ஒருவருக்காக மற்றொருவர் கயிறு பிடிக்க வேண்டிய தேவை இன்று நம் வீடுகளுக்குள்ளேயே எழுந்துள்ளது.

நம் பாட்டனார் காலத்தில் மக்கள் அஞ்சியது அம்மைக்கும் காலராவுக்கும். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்நோய்க்கு ஒரு தடுப்பூசி போதுமானதாக இருந்தது. இன்று நம்மைச் சூழ்ந்துள்ள சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் அவ்வாறானவை அல்ல. இவை ஓசையின்றி வந்து, பல ஆண்டுகள் வலியின்றித் தங்கி, கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பழுதாக்குபவை. வாழ்நாள் முழுவதும் கவனிப்பு வேண்டுபவை.

இந்நோய்களை எதிர்கொண்ட வரலாற்றில் தமிழகத்திற்குத் தனி இடம் உண்டு. 1948ஆம் ஆண்டிலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் அவர்கள் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். 1954இல் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையையும் நிறுவினார்கள். எனினும், அன்று நோய் முற்றிய பின்னர் நோயாளிதான் மருத்துவரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

நோய் வருமுன் தடுக்க இயலுமா என்னும் வினாவுக்குச் சீனாவின் தாச்சிங் நகர ஆய்வு 1997இலும், அமெரிக்க ஆய்வு 2002இலும் ‘இயலும்’ என விடை கூறின. நம் மக்களுக்கும் அது பொருந்துமா? சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கண்காணித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 100க்கு 55 பேர் நோய்க்கு ஆளாயினர். நாள்தோறும் அரைமணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் அத்தொகை 39 அளவில் நின்றது. விலையுயர்ந்த மருந்தால் அன்று, நடையாலும் உணவாலும் கிடைத்த பயன் இது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அரசும் இவ்வழியில் நடந்தது. 2007இல் நம் அண்டை மாவட்டமான விருதுநகரிலும் சிவகங்கையிலும் இரத்தக் கொதிப்பைக் கண்டறியும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. 2012இல் தொற்றா நோய்த் திட்டம் தமிழகம் முழுவதும் விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனையும் இலவச மாத்திரையும் கிடைக்கலாயின.

அவ்வாறாயின் நோய் கட்டுக்குள் வந்திருக்க வேண்டுமன்றோ? 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஸ்டெப்ஸ் ஆய்வு தந்த விடை நெஞ்சைச் சுடுவது. பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களுள் 100க்கு ஏறத்தாழ 7 பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் அவ்வாறு இருந்தோர் 100க்கு ஏறத்தாழ 11 பேர். மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார். தமக்கு நோய் இருப்பதை அறியாதோர் பலர். அறிந்தும் ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என மாத்திரையை நிறுத்தியோர் பலர். ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க இயலாதோரும் உண்டு.

இக்குறையைக் களையவே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்துச் செல்லும் ஏற்பாடு இது. 2024இல் இத்திட்டத்திற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அறிமுகமான ஒருவர் வாசலில் நின்று ‘மாத்திரை சாப்பிட்டீர்களா?’ என்று கேட்பதும் மருத்துவமே என்பதை நாடு அங்கீகரித்தது எனில் மிகையன்று.

இங்கேதான் ஜமாஅத்தின் கடமை தொடங்குகிறது. மஹல்லாவின் குடும்பங்களை நாம் அறிவோம். வெள்ளிதோறும் ஓரிடத்தில் கூடுகிறோம். தெருவுக்குத் தெரு பெரியவர்களும் இளைஞர்களும் உள்ளனர். ஆண்டுக்கொரு மருத்துவ முகாம் நடத்தி நிழற்படம் எடுத்துக்கொள்வதோடு பணி முடிந்ததெனக் கருதலாகாது. முகாமில் சர்க்கரை கண்டறியப்பட்டவர் ஆறு மாதம் கழித்து என்ன ஆனார் என்று கேட்க ஆள் இருக்க வேண்டும்.

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் கூடி நடக்கலாம். தெருவுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பொறுப்பேற்று, மாத்திரையை விட்டவர்களை அன்போடு விசாரிக்கலாம். அவர்தம் நோயைப் பிறரறியாமல் காப்பது அமானிதமாகும். நாள் முழுவதும் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பளங்கள் சூழ வாழும் நாம் கருவாட்டிலும் ஊறுகாயிலும் அதனை மறந்துவிடுகிறோம். வலீமா விருந்தில் இனிப்பின் அளவைக் குறைப்பதும் ஒரு ஸதகாவே. ரமளானுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே நோயாளிகள் மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மாத்திரை நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்று கேட்டறிய வேண்டும். நோயாளிக்குத் திருமறை அளித்த சலுகையை ஏற்பதில் குறைவேதுமில்லை.

அன்று தோணியில் நின்றவர் கயிற்றைக் கைவிடவில்லை. நம் அண்டை வீட்டாரின் கயிற்றை நாமும் கைவிடாதிருப்போமாக. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வைத் தந்தருள்வானாக. ஆமீன்.