ஹோயா: ஒரு தோட்டக்காரரின் பெயர்

தொங்கும் தொட்டிகளில் வளர்கிற ஹோயாவை இப்போது நம்ம ஊர் நர்சரிகளிலும் பார்க்க முடிகிறது. தடித்த, பளபளப்பான இலை. நீளமாக ஓடுகிற கொடி. மெழுகில் வார்த்து வைத்ததுபோல கொத்துக் கொத்தாக நட்சத்திரப் பூ. ஆங்கிலத்தில் இதற்கு மெழுகுச் செடி என்றே ஒரு பெயர் உண்டு. என் வீட்டு ஜன்னலோரத்திலும் ஒன்று தொங்குகிறது. "இதை எப்படிப் பார்த்துக்கணும்?" என்று யாராவது கேட்டால் என் பதில் கொஞ்சம் நீண்டுவிடும். ஏனென்றால் இந்தச் செடியின் பராமரிப்பும் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில், கியூ தோட்டத்துக்கு எதிர்க்கரையில் சையன் ஹவுஸ் என்றொரு மாளிகை இருக்கிறது. நார்தம்பர்லாண்ட் பிரபுக்களின் சொத்து. அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் தாமஸ் ஹோய். வெளிநாடுகளிலிருந்து வரும் செடிகளைப் பிழைக்க வைப்பதில் கைதேர்ந்தவர். 1810-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் ஒரு புதிய பேரினத்தைப் பிரித்தபோது, அதற்கு இவர் நினைவாக ஹோயா என்று பெயர் வைத்தார். இன்று வீடுகளில் அதிகம் வளரும் ஹோயா கார்னோசா, அதற்கு முன்பு லின்னேயஸின் மகன் வைத்த அஸ்கிலிபியாஸ் கார்னோசா என்ற பெயரில் இருந்தது. கார்னோசா என்றால் சதைப்பற்றுள்ளது. இலையைத் தொட்டுப் பார்த்தாலே விளங்கிவிடும்.

அந்தக் காலத்தில் செடிகளுக்கு யார் பெயரை வைப்பார்கள்? ஸ்ட்ரெலிட்சியா ஓர் அரசியின் பிறந்த வீட்டுப் பெயர். பேங்க்ஸியா என்பது ஜோசப் பேங்க்ஸ் என்ற பெரும் செல்வந்தரின் பெயர். அந்த வரிசையில், கூலிக்கு மண் கிளறிய ஒரு மனிதரின் பெயரும் வந்து உட்கார்ந்தது. பேரினம் சின்னதும் இல்லை. இன்று 500-க்கும் மேற்பட்ட ஹோயா இனங்கள் இருக்கின்றன.

பிரவுனுக்கு ஒரு தோட்டக்காரர் ஏன் இவ்வளவு முக்கியமாகப் பட்டார்? இங்கேதான் பூவின் அமைப்பு வருகிறது. ஹோயா நம்ம எருக்கின் சொந்தக்காரர். நன்னாரி, வேலிப்பருத்தி எல்லாம் இதே வகையறா. எருக்கஞ்செடிக்கு இன்று வழங்கும் கலோட்ரோபிஸ் என்ற பெயரையும் பிரவுன்தான் வைத்தார். இந்தக் கூட்டத்தின் பூக்களில் மகரந்தம் மற்ற பூக்களைப்போல் தூளாகக் கொட்டாது. மெழுகுபோல் கட்டியாகி, இரண்டு சின்னப் பைகளாக, நடுவில் ஒரு கவ்வியோடு இருக்கும். பூச்சியின் கால் இடுக்கில் மாட்டினால், சுமை மாட்டின் பொதிமூட்டை மாதிரி இரண்டும் சேர்ந்தே வரும்.

நம்பிக்கை இல்லையென்றால் தெருவோர எருக்கம்பூ ஒன்றைப் பறித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் ஐங்கோணத் தலையின் மூலைகளில் கரும்புள்ளிகள் தெரியும். ஊசி முனையால் ஒன்றை மெல்ல நெம்பினால் மஞ்சள் நிறப் பைகள் இரண்டு கூடவே வரும். (எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, கையைக் கழுவிவிடுங்கள்.)

இந்த நுட்பத்தையெல்லாம் காய்ந்து நசுங்கிய மாதிரிகளில் பார்ப்பது கஷ்டம். உயிருள்ள பூ வேண்டும். வெப்ப நாட்டுக் கொடியை இங்கிலாந்துக் குளிரில் யாரோ ஒருவர் காப்பாற்றிப் பூக்க வைத்தால்தான் விஞ்ஞானியின் உருப்பெருக்கிக்கே வேலை. பிரவுன் இந்தப் பூக்களை விடவில்லை. ஆர்க்கிட்களும் எருக்கு வகையறாவும் கருவுறும் விதம் பற்றி 1831-இல் லண்டன் லின்னேயஸ் சங்கத்தில் படித்த கட்டுரையில்தான், செல்லுக்குள் இருக்கும் உட்கருவுக்கு நியூக்ளியஸ் என்ற பெயரைக் கொடுத்தார். அவருக்கு முன்பும் சிலர் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெயர் கொடுத்து, அது செல்களில் பொதுவாகக் காணப்படுவது என்று கவனப்படுத்தியவர் அவர். பள்ளிக்கூடத்தில் நாம் வரைந்த செல் படத்தின் நடுப்புள்ளிக்கும் இந்த ஜன்னலோரக் கொடியின் குடும்பத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு.

அடுத்தது, செடி வீட்டுக்குள் வந்த கதை. நாதானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர், 1829-இல் மூடிய கண்ணாடிப் புட்டியில் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை வைத்திருந்தார். புட்டிக்குள் பெரணி முளைத்துப் பிழைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் வார்ட் பெட்டி. 1833-இல் அப்படிப்பட்ட பெட்டிகள் செடிகளோடு சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்பெல்லாம் கப்பலேறிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக் காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் செத்துவிடும். 1845-இல் பிரிட்டனில் கண்ணாடி வரி நீங்கியது, 1851-இல் ஜன்னல் வரி நீங்கியது. வெளிச்சம் மலிவானது. நடுத்தர வீடுகளுக்குள்ளும் செடிகள் நுழைந்தன.

ஹோயா கார்னோசாவோ வார்ட் பெட்டி வருவதற்கு முன்பே கிழக்கு ஆசியாவிலிருந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் தடித்த இலைதான் அதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம். இலையே அதன் தண்ணீர்க் குடம். போதாததற்கு, இந்த இனத்தால் சப்பாத்திக்கள்ளி போல இரவில் இலைத்துளைகளைத் திறந்து மூச்சு வாங்க முடியும். பகல் வெயிலில் நீர் வீணாகாது.

இப்போது பராமரிப்புக்கு வரலாம். மேலே சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

தண்ணீர்: ஹோயாக்களில் பெரும்பாலானவை காட்டில் மரத்தின் மேல் தொற்றி வளர்பவை. மழை பெய்யும், வடியும், வேர் காயும். ஆகவே மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பாசத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மண் என்று காற்றோட்டமான கலவை நல்லது.

வெளிச்சம்: நேர் உச்சி வெயில் வேண்டாம், ஆனால் இருட்டு மூலையும் வேண்டாம். காலை வெயில் படும் ஜன்னல் சரியாக இருக்கும். இலை செழித்தும் பூ வரவில்லை என்றால் பெரும்பாலும் வெளிச்சம்தான் போதவில்லை.

தொட்டி: பெரிய தொட்டிக்கு அவசரப்பட வேண்டாம். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தாலும் அது சங்கடப்படாது.

வெட்டு: இதுதான் முக்கியம். பூ உதிர்ந்ததும் அந்தக் காம்பைக் கிள்ளிவிடாதீர்கள். அடுத்த பருவத்தில் அதே காம்பிலிருந்துதான் மறுபடி பூக்கும். இலையில்லாமல் நீளும் வெறும் கொடியையும் வெட்ட வேண்டாம். அது பிடிமானம் தேடிப் போகிறது, இலை பின்னால் வரும்.

கடைசியாக, நம்ம பக்கத்துக் கதை ஒன்று. ஹோயா நமக்கு அந்நியம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இயற்கையாகவே ஹோயாக்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் ஹோயா வைட்டி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819-இல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் நினைவாக வைத்தது. 1834-இல் வெளிவந்த அவருடைய நூலில், எருக்கு வகையறாவை ஆர்னாட் என்பவரோடு சேர்ந்து அவரே விவரித்தார். அவருக்காகச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து.

கோவிந்துவின் உழைப்பை மதித்து, 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்தூயா என்று பெயர் வைத்தார் வைட். ஹோய் பெற்ற அதே கௌரவம். ஆனால் அந்தச் செடி, லிண்ட்லி 1833-லேயே பெயரிட்டிருந்த டிரோபிடியா பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்தது. தாவரப் பெயர் விதிப்படி முந்திய பெயருக்கே உரிமை. கோவிந்தூயா என்பது இன்று இணைப்பெயர்ப் பட்டியலில் மட்டும் கிடக்கிறது.

இதில் யாரும் அநியாயம் செய்யவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. ஒரு தோட்டக்காரரின் பெயர் உலகம் முழுக்க நர்சரிச் சீட்டுகளில் ஒட்டியிருக்கிறது. ஓர் ஓவியரின் பெயரோ, தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது. அதனால்தான் ஹோயா வளர்ப்பு பற்றிக் கேட்கிறவர்களிடம், பூக்காம்பை வெட்டாதீங்க என்று சொல்வதோடு கோவிந்துவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.